கையை விட்டாலும் பறக்கும்

செல்வநாதனின் வலது கையில் ஏதோ கோளாறு இருக்கிறது என்பதை அவருக்கு முன்பே பிலோமினாள் கண்டுகொண்டாள். மலைமேலிருக்கும் புதூர்நாட்டு மிஷன் மருந்தகத்தில் பதினாறு வருடமாக நர்ஸாக இருப்பவள் அவள். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு நடக்கும்போது கணவரின் இடது கை வீசி வரும். வலது கை மட்டும் உடம்போடு ஒட்டிக்கொண்டு அசையாமல் வரும். பிறகு கையெழுத்து சிறுத்தது. வேலூரில் இருக்கும் நண்பர் சக்கரவர்த்திக்கு அவர் எழுதும் கடிதங்களில் முதல் வார்த்தை பெரிதாக இருக்கும், வரி முடியும்போது எழுத்தெல்லாம் எறும்பாகிவிடும். 1982 பிப்ரவரியில் ஒரு மத்தியானம், மடியில் சும்மா கிடந்த கையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மாத்திரை உருட்டுவதுபோல் ஒன்றையொன்று தேய்த்துக்கொண்டிருந்தன. அவள் பார்ப்பதைக் கவனித்ததும் அவர் கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

வேலூரில் டாக்டர் அவரை நடந்து காட்டச் சொன்னார். விரலால் மூக்கைத் தொடச் சொன்னார். மணிக்கட்டைப் பிடித்து மடக்கி மடக்கிப் பார்த்தார்.

"நடுக்குவாதம். நாப்பத்தெட்டு வயசுக்குக் கொஞ்சம் சீக்கிரம்தான்."

"குணமாயிடுமா சார்?"

"மாத்திரை குடுக்கறேன். கொஞ்ச வருஷம் நல்லாவே இருப்பீங்க. இன்னா வேலை செய்யறீங்க?"

"மிஷன்ல ஜெனரேட்டர், ஜீப்பு எல்லாம் பார்த்துக்கறேன். அதுக்கு முன்னாடி ஏர்ஃபோர்ஸ்ல இன்ஸ்ட்ருமென்ட் மெக்கானிக்கு."

விமானத்தைப் பற்றி அவர் சொல்லவில்லை. பிலோமினாளும் சொல்லவில்லை.

விமானம் என்பது உண்மையிலேயே விமானம்தான். ஒன்பது வருடமாக, மருந்தகத்துக்குப் பின்னால் தகரக் கொட்டகையில், வெளிநாட்டிலிருந்து தபாலில் வந்த வரைபடத்தை வைத்துக்கொண்டு செல்வநாதன் ஒற்றை ஆளாகக் கட்டியது. மரச் சட்டம், அதன்மேல் இழுத்துத் தைத்த துணி, துணிக்குமேல் மருந்து வாடை வீசும் பூச்சு. பழைய பயிற்சி விமானம் ஒன்றின் இன்ஜின். மேலே மூடி இல்லாத ஒற்றை இருக்கை. சென்னையில் விமானப் பயிற்சிக் கழகத்தில் அவர் வேலை பார்த்த காலத்தில், அங்கே பறக்கக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தவர் சக்கரவர்த்தி. செல்வநாதனுக்கும் அவர்தான் கற்றுக்கொடுத்து லைசென்ஸ் வாங்கவைத்தார். விமானத்தை முதன்முதலில் மேலே கொண்டுபோய்ச் சோதித்தவரும் அவரே. அடிவாரத்தில் எங்கு பார்த்தாலும் நெல்லும் கரும்பும் கரண்ட் கம்பியும். மலைமேல் ஊர்க்காரர் கோபால்சாமியின் நிலம் மட்டும் சாமை அறுத்த பிறகு இரண்டு பர்லாங்குக்குமேல் கட்டாந்தரையாகக் கிடக்கும். மாட்டை ஓட்டிவிட்டு அதில் ஓடி எழும்பலாம். சோதனைப் பறப்புக்கு அனுமதிக் காகிதம் வந்து, செல்வநாதன் தானே ஓட்டியது மொத்தம் பதினோரு மணி நேரம். அடுத்த வருடம் லைசென்ஸைப் புதுப்பிக்க மருத்துவப் பரிசோதனைக்குப் போக வேண்டும். அந்த டாக்டர் கையை நீட்டச் சொல்வார்.

ஆஸ்பத்திரியிலிருந்து பஸ்ஸில் திரும்பும் வழியில் அவர் திருப்பத்தூரில் இறங்கி ஜீப்புக்குக் காத்திருக்கும்போதுதான் வாயைத் திறந்தார்.

"ஆட்டோ பைலட் ஒண்ணு வச்சிட்டா போதும் பிலோமி."

"அப்படின்னா?"

"கைய விட்டாலும் அது பாட்டுக்கு நேரா பறக்கும். மேல ஏத்தறதுக்கு ஒரு நிமிஷம், எறக்கறதுக்கு ஒரு நிமிஷம், அதுக்குத்தான் கை வேணும். மத்த நேரம் மெஷின் பாத்துக்கும்."

அவள் அவருடைய முகத்தைப் பார்த்தாள். வேலூரில் அந்த வார்த்தையைக் கேட்டதிலிருந்து செத்துக் கிடந்த முகம் அது. இப்போது அதில் உயிர் வந்திருந்தது. அதனால் அவள் எதுவும் சொல்லவில்லை.

சக்கரவர்த்தி சொன்னார். விஷயம் கேள்விப்பட்டு மலைக்கு வந்த அன்று, கொட்டகையில் நின்றுகொண்டு நேராகவே சொன்னார்.

"யோவ், டாக்டர் மெஷினையா டெஸ்ட் பண்ணப் போறாரு? உன்னைத்தான் பண்ணுவாரு."

"தெரியும்யா."

"அப்பறம் எதுக்கு?"

"வச்சிப் பாக்கறேன். அவ்ளோதான். கட்டின ப்ளேன்ல இன்னொரு சாமான் வைக்கக் கூடாதா?"

சக்கரவர்த்தி பிலோமினாளைத் திரும்பிப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அடுத்த வாரமே சென்னை மூர்மார்க்கெட்டில் தேடிப் பிடித்து, பழைய விமானத்து ஜைரோ ஒன்றைச் செய்தித்தாளில் சுற்றி அனுப்பிவைத்தார் சக்கரவர்த்தி. அவர் அப்படிப்பட்ட ஆள். கூடாது என்று சொல்வார், பிறகு வேண்டியதைச் செய்துகொடுப்பார்.

ஜைரோ என்பது கண்ணாடிக் கூண்டுக்குள் வேகமாகச் சுற்றும் ஒரு கனத்த சக்கரம். செல்வநாதன் மனைவிக்கு அதைப் பம்பரத்தை வைத்து விளக்கினார். "சுத்திக்கினு இருக்கசொல்ல பம்பரத்தைத் தள்ளிப் பாரு, விழாது. எதுத்து நிக்கும். ப்ளேன் இடது பக்கம் திரும்பினா இதுக்குத் தெரியும். தெரிஞ்சா இந்த மோட்டாரைக் கிளப்பிவிடும். மோட்டார் ஒயர் கம்பிய இழுக்கும். ரெக்கை ஓரத்துல மடல் அசையும். ப்ளேன் நிமிந்துரும்." மோட்டார் ஒரு லாரியின் வைப்பரிலிருந்து வந்தது. மோட்டார் மடலை ஓர் அளவுக்குமேல் இழுத்துவிடாமல் இருக்க, இரண்டு பக்கமும் தீப்பெட்டியில் பாதி அளவுக்கு ஒரு ஸ்விட்ச். மடல் அந்த அளவைத் தொட்டதும் ஸ்விட்ச் தட்டி மோட்டார் நின்றுவிடும்.

மரவேலை, கம்பி வேலை எல்லாம் அவரால் முடிந்தது. ஒயர்களுக்கு ஈயம் வைக்க முடியவில்லை. அவருடைய கை ஈயம் உருக்கும் ராடை ஒயர் முனையில் வைப்பதற்குள் மூன்று இடத்தைச் சுட்டது. ஒரு நாள் ராடைச் சுவரில் வீசி எறிந்துவிட்டு உட்கார்ந்தார். பிலோமினாள் அதை எடுத்துத் துடைத்து, ஸ்டவ்வில் மறுபடி சூடேற்றி, அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எங்க வைக்கணும்னு சொல்லுங்க. நான் வைக்கறேன்."

பதினாறு வருடமாகக் குழந்தைகளின் நரம்பில் ஊசி ஏற்றிய கை அது. ஒரு வாரத்தில் கற்றுக்கொண்டாள். முதலில் ஒயரைச் சூடாக்க வேண்டும், பிறகு ஈயத்தைத் தொட வேண்டும். சூடு சரியாக இருந்தால் ஈயம் தண்ணீர்போல் ஓடிப் பளபளவென்று பிடித்துக்கொள்ளும். சூடு பற்றாவிட்டால் மங்கிப்போய், மிளகு ஒட்டியதுபோல் மேலாக உட்கார்ந்திருக்கும். பார்த்தால் பிடித்ததுபோல் இருக்கும், பிடித்திருக்காது.

மருந்தகத்து வேலை முடிந்து நான்கு மணிக்கு வருவாள். வெளிச்சம் போகும்வரை இருவரும் கொட்டகையில் இருப்பார்கள். அவர் பூதக்கண்ணாடியைப் பிடித்துக்கொள்வார், சொல்வார், அவள் வைப்பாள். கல்யாணமான இத்தனை வருடத்தில் இவ்வளவு நேரம் பக்கத்தில் உட்கார்ந்ததில்லை. குழந்தை இல்லை என்ற குறையை அவர் அந்த விமானத்துக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டார் என்று அவள் நினைத்ததுண்டு. இப்போது தன்னையும் உள்ளே விட்டிருக்கிறார் என்று தோன்றியது. அந்த மாதங்களில் அவள் சந்தோஷமாக இருந்தாள். பிற்பாடு அதை நினைக்கும்போதெல்லாம் அவளுக்குக் கூசியது.

அக்டோபரில் கோபால்சாமி ஒரு பலாப்பிஞ்சோடு வந்து வாசலில் நின்றார். பேச்சுவாக்கில், "சார் இனிமே நம்ம நெலத்துல எப்பவும் ஏரோப்ளேன் ஓட்டலாமான்னு கேட்டாருமா. நான் சரின்னுட்டேன். சாமை வைக்காத ஒரு பட்டைய வருஷம் பூரா வுட்டுடறேன்" என்றார்.

பிலோமினாள் கொட்டகைக்குப் போனாள்.

"லைசென்ஸ் போயிடுச்சின்னா எப்படி ஓட்டுவீங்க?"

"இந்த மலையில யாரு வந்து கேக்கப்போறான்?"

"வெறும் வச்சிப் பாக்கறதுன்னு சொன்னீங்களே."

அவர் இடது கையால் வலது கையை அமுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"எறக்கறதுக்குக் கை வேணும்னு நீங்கதானே சொன்னீங்க? எறக்கசொல்ல கை கேக்கலன்னா?"

"அப்ப பாத்துக்கலாம்."

"இன்னாத்த பாத்துக்கறது?"

"பிலோமி," என்றார் அவர், மெதுவாக. "படுக்கையில கெடந்து, நீ வாயைத் தொடச்சிவுட்டு, பீத்துணி மாத்தி, அப்படிப் போறதுக்கு இது எவ்ளோவோ மேல். போதுமா?"

அவர் அந்த விமானத்தில் இறங்குவதற்காக ஏறப்போவதில்லை என்று அப்போது அவளுக்குப் புரிந்தது. தான் இத்தனை மாதமாக எதற்குக் கை கொடுத்துக்கொண்டிருக்கிறோம் என்பதும் புரிந்தது.

மறுநாள் நான்கு மணிக்கு அவள் வழக்கம்போல் வந்து உட்கார்ந்தாள். மொத்தம் தொண்ணூறுக்குமேல் இணைப்புகள். அவற்றில் இடது பக்கத்து ஸ்விட்சுக்குப் போகும் ஒயர் ஒன்றை அவள் சரியாகச் சூடாக்கவில்லை. தெரிந்தே செய்தாள். ஈயம் மிளகாக உட்கார்ந்தது. அவர் அந்த நேரம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். சோதித்துப் பார்க்கும்போது மெஷின் வேலை செய்யாது, எங்கே கோளாறு என்று தேடித் தேடிச் சலித்துப்போவார், அதற்குள் கையும் அவருக்கே புத்தி சொல்லிவிடும். இவ்வளவுதான் அவள் கணக்குப் போட்டது.

மெஷின் வேலை செய்தது.

ஜனவரியில், விமானத்தை மரக்கட்டைமேல் நிறுத்தி பாட்டரி இணைப்பைக் கொடுத்தார். ஜைரோ முனகியபடி சுற்றத் தொடங்கியது. வாலைப் பிடித்து இடது பக்கம் தள்ளினார். மோட்டார் இழுத்தது, மடல் அசைந்தது, அளவில் நின்றது. வலது பக்கம் தள்ளினார், அளவில் நின்றது. நாற்பது முறை செய்தார். நாற்பது முறையும் நின்றது. செல்வநாதன் தரையில் உட்கார்ந்து குழந்தைபோல் அழுதார். பிலோமினாள் அவர் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஈயம் எப்படியோ பிடித்துக்கொண்டது, ஆண்டவரின் சித்தம் என்று நினைத்தாள். இப்போது சொன்னால் அவர் முகம் என்னாகும் என்றும் நினைத்தாள். நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிவைத்தாள். மறுநாளும் சொல்லவில்லை.

முதலில் தானே ஓட்டப்போவதாகத்தான் அவர் சொல்லிக்கொண்டிருந்தார். ஆனால் பிப்ரவரி முதல் வாரம் சக்கரவர்த்தி மலைக்கு வந்துவிட்டார். "புது சாமான் வச்சா மொதல்ல நான்தான் ஓட்டுவேன். அதுதான் நம்ம ஒப்பந்தம்" என்றார். செல்வநாதனால் மறுக்க முடியவில்லை. பிலோமினாள் இதை எதிர்பார்க்கவே இல்லை.

காலையில் அவள் களியும் கீரைக் குழம்பும் வைத்தாள். சக்கரவர்த்தி இரண்டாம் முறை குழம்பு கேட்டு வாங்கினார்.

"எங்க வீட்ல வடிவுக்கு இந்தக் கீரை கெடைக்க மாட்டேங்குது தங்கச்சி. போகசொல்ல கொஞ்சம் கட்டிக் குடு."

"சரிங்கண்ணா." அவள் அவர் எதிரில் நின்றாள். ஒயரைப் பற்றிச் சொல்ல அந்த ஒரு நிமிடம் இருந்தது. கொட்டகையில் செல்வநாதன் இன்ஜினைத் துடைத்துக்கொண்டிருந்தார், வீட்டில் அவர்கள் இருவர் மட்டும். "அண்ணா, மெதுவா ஓட்டுங்க" என்றாள்.

"மெஷின்தானே ஓட்டப்போகுது!" என்று சிரித்துக்கொண்டே அவர் கை கழுவப் போனார்.

கோபால்சாமி மாடுகளை ஓட்டிவிட்டு நிலத்தின் ஓரத்தில் நின்றிருந்தார். ஊர்ச் சனம் இருபது பேர் வந்திருந்தார்கள். விமானம் ஓடி எழும்பி, வடக்கே குன்றைத் தாண்டி, பெரிய வட்டம் போட்டு வந்தது. நல்ல உயரத்தில் அரை மணி நேரம் சக்கரவர்த்தி அதைச் சோதித்தார். அதன்பிறகு கீழே இறங்கி, நிலத்தின் நீளத்துக்கு நேராக, மூன்று புளியமரம் உயரத்தில் அவர்களை நோக்கி வந்தார்.

வரும்போது இரண்டு கைகளையும் இருக்கைக்கு வெளியே எடுத்து, மேலே உயர்த்திக் காட்டினார்.

செல்வநாதன் கத்தினார். "பாரு பிலோமி! கைய வுட்டுட்டான்! பாரு!" அவருடைய இரண்டு கைகளும் மேலே போயின. வலது கை நடுங்கிக்கொண்டே போயிற்று. சனம் எல்லாம் கையைத் தூக்கிக் கூவியது. சக்கரவர்த்தியின் பல் தெரிந்ததாகப் பிறகு கோபால்சாமி சொன்னார்.

விமானத்தின் இடது இறக்கை தாழ்ந்தது. திரும்பிப் போகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். இறக்கை தாழ்ந்துகொண்டே போனது, விமானமும் கூடவே கீழே சரிந்தது. கைகள் இரண்டும் சட்டென்று உள்ளே மறைந்தன. ஒரு நொடி இறக்கை நிமிரப் பார்த்தது. அதற்குள் நிலத்தின் ஓரத்துப் புளியமரத்தின் உச்சி அதைப் பிடித்துக்கொண்டது. மரம் முறிவதுபோல ஒரு சத்தம். அதன்பின் ஒன்றுமில்லை, இன்ஜின் சத்தம்கூட இல்லை.

முதலில் ஓடியவர் கோபால்சாமி. அவருக்குப் பின்னால் பிலோமினாள். செல்வநாதனுக்கு ஓட வரவில்லை. கால் தரையில் ஒட்டிக்கொண்டது. அது நோயா, பயமா என்று அவருக்கே தெரியவில்லை.

சக்கரவர்த்தி உயிரோடு இருந்தார். கண் திறந்திருந்தது. "கால் எங்க?" என்று கேட்டார். கால் இருந்தது. அவருக்குத் தெரியவில்லை. கதவுப் பலகை ஒன்றைக் கழற்றி அதில் கிடத்திக் கட்டி, மிஷன் ஜீப்பில் வைத்து மலைப்பாதையில் இறக்கினார்கள். ஒவ்வொரு வளைவிலும் பிலோமினாள் அவர் கழுத்தை இரண்டு கைகளாலும் அசையாமல் பிடித்துக்கொண்டாள். வேலூர் போய்ச்சேர நான்கு மணி நேரம் ஆனது.

முதுகுத்தண்டு முறிந்திருந்தது. இடுப்புக்குக் கீழே இனி எதுவும் இல்லை என்று டாக்டர் சொன்னார்.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் சக்கரவர்த்தியின் மனைவி வடிவு உட்கார்ந்திருந்தாள். பிலோமினாள் பக்கத்தில் போய் "அண்ணி" என்றாள். வடிவு நிமிர்ந்து பார்க்கவில்லை.

"யாருக்குக் காட்டறதுக்குக் கைய தூக்கினாரு?"

செல்வநாதன் அவள் எதிரில் வந்து நின்றார்.

"இருவத்தஞ்சு வருஷமா பசங்களுக்குச் சொல்லிக்குடுத்தவரு. கைய எடுக்காதே, கைய எடுக்காதேன்னு தூக்கத்துல கூட சொல்லுவாரு. யாருக்குக் காட்டறதுக்குன்னு கேக்கறேன்."

"எனக்குத்தாம்மா" என்றார் செல்வநாதன்.

"அப்ப பாத்துட்டீங்க இல்ல. போங்க. இனிமே வராதீங்க."

அவர்கள் இன்னும் இரண்டு முறை போனார்கள். முதல் முறை வடிவு வார்டு வாசலிலேயே நிறுத்திவிட்டாள். இரண்டாம் முறை அவள் கடைக்குப் போயிருந்தாள். உள்ளே போய் நின்றார்கள். சக்கரவர்த்தி அவர்களைப் பார்த்தார். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அவர்கள் கால்மணி நேரம் நின்றார்கள். அவர் திரும்பவே இல்லை.

மார்ச்சில் சென்னையிலிருந்து விமானத் துறை அதிகாரி ஒருவர் வந்தார். கொட்டகையில் குவித்து வைத்திருந்த உடைசல்களை இரண்டு நாள் பார்த்தார். பிறகு ஒரு ஒயரை விரலால் தூக்கிக் காட்டினார். அதன் நுனி எதிலும் இல்லாமல் தொங்கியது.

"இது இடது பக்கத்து ஸ்விட்ச் ஒயர். ஆட்டத்துல விட்டுப்போயிருக்கு. மோட்டார் நிக்காம கடைசி வரைக்கும் இழுத்துடுச்சி. யாரு ஈயம் வச்சது?"

"நான்தான் சார்" என்றார் செல்வநாதன்.

அதிகாரி அவருடைய கையைப் பார்த்தார். அது ஆடிக்கொண்டிருந்தது. எதுவும் எழுதாமல் பேனாவைச் சட்டைப்பையில் செருகினார்.

"வச்சது யாரா இருந்தாலும் பரவால்ல. ஒயர் விட்டுப்போனா மோட்டார் நிக்கற மாதிரி இல்ல அமைச்சிருக்கணும்? விட்டுப்போனா ஓடற மாதிரி அமைச்சிருக்கீங்களே. இவ்ளோ தெரிஞ்ச நீங்க இத யோசிக்கலயா?"

"யோசிக்கல சார்."

பிலோமினாள் கொட்டகை வாசலில் டீ டம்ளரோடு நின்றுகொண்டிருந்தாள். அப்போதும் அவள் சொல்லவில்லை.

அதிகாரி போன பிறகுதான் சொன்னாள். அவர் உடைந்த இறக்கைக்குப் பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். அவள் தரையில் உட்கார்ந்தாள்.

"அந்த ஒயர நான் வேணும்னுதாங்க சரியா வைக்கல."

அவர் அவளைப் பார்த்தார்.

"நீங்க மேல போனா எறங்க மாட்டீங்கன்னு தெரியும். மெஷின் ஓடலன்னா விட்டுடுவீங்கன்னு நெனச்சேன். அண்ணன் ஓட்டுவாருன்னு நெனக்கல. அன்னிக்குக் காலைல கூட சொல்லியிருக்கலாம். சொல்லல."

"அது நீ வச்சது இல்ல."

"நான்தாங்க. எனக்குத் தெரியாதா?"

"நீ மருந்தகத்துக்குப் போயிருந்த ஒரு நாள், கண்ணாடி வச்சி ஒவ்வொண்ணா பாத்தேன். அது ஒண்ணு மட்டும் மங்கலா இருந்துச்சி. கை தவறிடுச்சின்னு நெனச்சேன். சொன்னா வருத்தப்படுவியேன்னு நானே பிரிச்சிட்டு, நானே வச்சேன். ஒரு மணி நேரம் ஆச்சி. இந்தக் கைய அந்தக் கையால புடிச்சிக்கினு வச்சேன்." உள்ளங்கையை நீட்டிக் காட்டினார். நடுவில் பழைய தீப்புண் தழும்பு. ஸ்டவ்வில் பட்டுவிட்டது என்று அப்போது அவளிடம் சொல்லியிருந்தார். "பளபளன்னு இருந்துச்சி பிலோமி. அந்த ஒண்ணு நான் வச்சதுன்னு எனக்கு எவ்ளோ பெருமை தெரியுமா? யாருகிட்டயும் சொல்லல."

அவள் அந்தத் தழும்பையே பார்த்தாள். அது ராடு பட்ட தழும்பாக இருக்கலாம். ஸ்டவ்வில் பட்டதாகவும் இருக்கலாம். அவள் சுமப்பதை வாங்கிக்கொள்ள அவர் இப்போது கதை கட்டிச் சொல்கிறாரா என்று அவளுக்குத் தெரியவில்லை. கேட்டாலும் தெரியப்போவதில்லை.

"அப்ப தப்பு என்னுதுதான்" என்றார் அவர். "நீ சொல்லாமலே இருந்திருக்கலாம்."

"ஏன்?"

"எட்டு மாசம் பக்கத்துல உக்காந்து நீ வைக்கசொல்ல, உலகத்துல எனக்குன்னு ஒரு ஆள் இருக்குதுன்னு நெனச்சிக்கினு இருந்தேன். அது வேலை செய்யக் கூடாதுன்னு நீ நெனச்சிக்கினு இருந்திருக்க."

"கடைசியிலதாங்க. கடைசி கொஞ்ச நாள்தான்."

"எனக்கு எப்படி அத பிரிச்சிப் பாக்கத் தெரியும்?"

அவர் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் அவள் பதில் சொல்லியிருப்பாள். பங்குச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகலாமா என்று அந்த வாரம் முழுக்க யோசித்தாள். எதைச் சொல்லி மன்னிப்புக் கேட்பது என்று தெரியவில்லை. தான் செய்த பாவம் நடந்ததா, நடக்கவில்லையா என்றே நிச்சயமில்லை. போகவில்லை.

அதன்பிறகு அவர்கள் சண்டை போடவில்லை. அவள் சோறு போட்டாள், அவர் சாப்பிட்டார். இன்ஜினைப் பயிற்சிக் கழகத்துக்காரர்கள் வந்து எடுத்துப்போனார்கள். துணி உரிந்த இறக்கைகளைக் கோபால்சாமி கேட்டு வாங்கி, பூசணிக்கொடிக்குப் பந்தலாக்கினார். மழைக்குள் அவை இற்றுவிட்டன. நோய் வேகமாக முற்றியது. அடுத்த வருடம் இடது கைக்கும் வந்தது. மாத்திரையை அவர் ஒழுங்காகப் போடுவதில்லை என்று அவளுக்குத் தெரியும். நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டு வெளியே போய்த் துப்புவார். அவள் நர்ஸ். வேறு யாராக இருந்தாலும் வாயைத் திறந்து பார்த்திருப்பாள். அவரிடம் பார்க்கவில்லை. அவர் எதற்கு அஞ்சினாரோ அது ஒவ்வொன்றாக வந்தது. சட்டைப் பொத்தானை அவள் போட்டுவிட்டாள். டம்ளரை அவள் பிடித்தாள். வாயைத் துடைத்துவிட்டாள். அப்போதெல்லாம் அவர் கண்ணை மூடிக்கொள்வார்.

1984 நவம்பரில் ஒரு அஞ்சலட்டை வந்தது. வடிவின் தம்பி எழுதியிருந்தார். படுக்கைப்புண் சீழ் பிடித்து, காய்ச்சல் கண்டு, சக்கரவர்த்தி இறந்துபோய்ப் பதினோரு நாள் ஆகிறது. காரியங்கள் முடிந்துவிட்டன. தகவலுக்காக எழுதுகிறோம்.

பிலோமினாள் படித்துக் காட்டினாள்.

"இன்னொரு தடவ படி" என்றார் செல்வநாதன். அவருடைய குரலும் இப்போது சிறுத்துவிட்டிருந்தது. பக்கத்தில் போய்க் கேட்க வேண்டும்.

இன்னொரு தடவை படித்தாள்.

"வடிவுக்கு எழுதணும்."

அவள் தாளும் பேனாவும் எடுத்து வந்து கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அன்புள்ள அண்ணிக்கு" என்று எழுதிவிட்டு அவர் வாயைப் பார்த்தாள். அவர் உதட்டைத் திறந்தார், மூடினார்.

"சொல்லுங்க."

"நீ சொல்லு. இன்னா எழுதறது?"

அவளுக்கும் வரவில்லை. தப்பு எங்களுது என்று எழுதலாம். எந்தத் தப்பு என்று வடிவு கேட்டால் எதைச் சொல்வது? வருந்துகிறோம் என்று எழுதலாம். அந்த வார்த்தையை வைத்துக்கொண்டு வடிவு என்ன செய்வாள்?

வெளியே மழை பிடித்தது. கூரைத் தகரத்தில் விழுந்த சத்தத்தில் அவர் சொன்னது முதலில் கேட்கவில்லை. அவள் குனிந்தாள்.

"நாம எழுதாம இருந்தாதான் அவங்களுக்கு நல்லது" என்றார் அவர்.

அவள் பேனாவை மூடினாள். மழைச் சத்தத்துக்கு மேல் யாரோ பக்கத்து மருந்தகத்துக் கதவைத் தட்டினார்கள். ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். கோபால்சாமியின் மனைவி பச்சையம்மா, கோணிப்பையைத் தலையில் போர்த்திக்கொண்டு, காய்ச்சல் கண்ட பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"வர்றேன்" என்று பிலோமினாள் குரல் கொடுத்துவிட்டு எழுந்து போனாள்.